படகு இழுவைவண்டியின் தடுப்பமைப்பு: சட்டமும் கரையோர நடைமுறையும்

வீதியில் ஓடுவதற்கென்று அமைந்த வாகனங்களுள், தனது வழமையான வேலையின் ஒரு பகுதியாகவே கடல்நீருக்குள் அச்சு நனைய இறங்கி, சற்று நேரத்தில் அதே உப்பு ஈரத்தோடு தார் வீதிக்கு ஏறுவது படகு இழுவைவண்டி ஒன்றேயாகும். ட்ரெய்லர் என்றும், உழவு இயந்திரத்தோடு பூட்டப்படும்போது பெட்டி என்றும் பேச்சில் வழங்கும் இவ்வண்டிக்குத் தனக்கென எஞ்சின் இல்லாமையால், பிறேக் எனப்படும் தடுப்பும் தனக்கென வேண்டியதில்லை என்ற எண்ணம் கரையோரத்தில் வேரூன்றியிருக்கிறது. இழுக்கும் வாகனம் நின்றால் பின்னால் வருவதும் தானாக நின்றுவிடும் என்பதே அவ்வெண்ணத்தின் அடிப்படை. அது சட்டத்தோடும் பொருந்தாது, பாரத்தின் இயல்போடும் பொருந்தாது. எந்த எடைக்கு மேல் தடுப்பு அவசியமாகிறது, எவ்வகைத் தடுப்பு ஏற்கத்தக்கது, உப்புநீரில் இறங்கும் வண்டியில் அத்தடுப்பை எவ்வாறு வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது என்பனவற்றைத் திருகோணமலை மாவட்டத்தின் நிலைமைகளோடு பொருத்தி இவ்வத்தியாயம் விளக்குகிறது.

கரையும் வீதியும்

உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலையில் இருந்தபோதிலும், வடக்கே புல்மோட்டையிலிருந்து தெற்கே வெருகல் வரையுள்ள சிறு படகுகளில் பெரும்பாலானவைக்கு வெறும் மணற்கரையே துறையாக இருக்கிறது. பலநாள் கலங்கள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டப்படுகின்றன. ஆனால் குச்சவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர் ஆகிய இடங்களின் கண்ணாடியிழைப் படகுகள், வெளியிணைப்பு இயந்திரத்தோடு, தொழில் முடிந்ததும் மணலில் ஏற்றப்படுவனவாகும். இக்கரையில் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், நீர் ஏறும்வரை காத்திருந்து படகை மிதக்கவிடும் வசதி இங்கில்லை. படகை மனிதரோ இயந்திரமோ இழுத்தே தீரவேண்டும்.

மணலில் இழுப்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. வாடைக்காற்றுக் காலம் தொடங்கும் கார்த்திகையை ஒட்டிப் படகுகள் கரையிலிருந்து வளவுகளுக்கு நகர்த்தப்படுகின்றன. ஓட்டுப் பழுதுக்காகவும் இயந்திரப் பழுதுக்காகவும் நகருக்குக் கொண்டுவரப்படுகின்றன. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் தம் படகுகளைத் தரைவழியே கிழக்குக் கரைக்குக் கொண்டுவருகின்றனர். புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் செல்வோரை ஏற்றும் சுற்றுலாப் படகுகளும் பருவத்துக்கேற்ப இடம் மாறுகின்றன. இவ்வாறு, கடலுக்கென்று செய்யப்பட்ட பாரம் ஒன்று அம்பேபுஸ்ஸ – திருகோணமலை ஏ6 வீதியிலும், அநுராதபுரம் வழியாக வரும் ஏ12 வீதியிலும், மட்டக்களப்பு நோக்கிய ஏ15 வீதியிலும், புல்மோட்டை வீதியிலும் பயணிக்கிறது.

இவ்வீதிகளின் வேகம் மாறிவிட்டது என்பதே தடுப்பைப் பற்றிய பேச்சை இன்று தவிர்க்க முடியாததாக்குகிறது. கிண்ணியாவில் பாதைப்படகு ஓடிய காலத்தில், தெற்கே செல்லும் எந்த வண்டியும் நீர்க்கரையில் நின்று, ஆறுதலாக ஏறி, ஆறுதலாக இறங்கியே செல்லவேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அதே பயணம் இடைநிறுத்தமின்றி நடக்கிறது. நடை வேகத்துக்கும் சற்று மேலாக ஓடிய காலத்தில் செய்யப்பட்ட தடுப்பற்ற பெட்டி, இன்று பேருந்துக்கும் பாரவூர்திக்கும் நடுவே அவற்றின் வேகத்தில் இழுபடுகிறது. அத்தோடு, திருகோணமலை நகரின் நடுவிலேயே புள்ளிமான்கள் வீதியைக் கடக்கின்றன. நிலாவெளி வீதியில் மாடுகள் இரவில் தாரின் சூட்டில் படுத்திருக்கின்றன. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கிடுகிறது. எதிர்பாராத இடத்தில் முழுப் பலத்தோடு நிறுத்தவேண்டிய தேவை இம்மாவட்டத்துச் சாரதிக்கு அபூர்வமாக வருவதன்று.

இழுவைவண்டியும் ஒரு மோட்டார் வாகனமே

இலங்கையில் இவ்விடயத்தின் மூலச்சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமாகும். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, 2009ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவற்றுள் முக்கியமானது. அச்சட்டத்தின் பொருள்கோடலில் வீதியில் பயன்படுத்துவதற்கான இழுவைவண்டியும் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் இல்லாத ஒன்றை மோட்டார் வாகனம் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு சொற்பொருளிலிருந்தே பதிவு, வருமான உத்தரவுப்பத்திரம், மூன்றாந் தரப்புக் காப்புறுதி, கட்டமைப்பு விதிகள் ஆகிய கடமைகள் எல்லாம் கிளைக்கின்றன. மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்பது, வண்டியால் பிறருக்கு நேரும் உயிர், உடல் சேதத்துக்கு ஈடுசெய்யும் கட்டாயக் காப்புறுதியாகும்.

வீதியில் நூறு மீற்றர் தூரந்தானே என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. வாடியிலிருந்து புறப்பட்டு மணலில் முக்கால் கிலோமீற்றரும், பிரதான வீதியைக் குறுக்கே கடந்து வளவுக்குள் ஐம்பது மீற்றரும் செல்லும் பெட்டி, அந்தக் குறுக்குப் பாதையைக் கடக்கும் சில விநாடிகளில் வீதியைப் பயன்படுத்தும் வாகனமாகவே கொள்ளப்படும். விபத்து நேர்வதும் பெரும்பாலும் அந்தக் குறுக்குப் பாதையிலேதான்.

பட்டறையில் ஒட்டிச் செய்த வண்டியை வாங்குவோர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய வாகனம் ஒன்றின் பின்னச்சை எடுத்து, அதன்மேல் சட்டம் ஒட்டிப் படகுத்தாங்கி ஆக்குவது இங்கே பரவலான வழக்கம். அந்த அச்சில் டிரம் இருப்பதைக் காட்டி “பிறேக் இருக்கிறது” என்று விற்பவர் கூறுவதுண்டு. ஆனால் டிரம்முக்குள் பிறேக் சூ இல்லாமலோ, இருந்தும் அதை இயக்கும் கம்பியோ எண்ணெய்க் குழாயோ முன்பக்கம் வரை வராமலோ இருந்தால், அது தடுப்பின் கூடு மட்டுமே, தடுப்பன்று. ஆகையால் வண்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, அதன் வரைபடத்தையும் எடையையும் கொண்டுசென்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் திருகோணமலை மாவட்ட அலுவலகத்தில் அதனைப் பதிவுசெய்ய முடியுமா, எந்தத் தடுப்பு இருக்கவேண்டும் என்று எழுத்தில் கேட்டு அறிவதே முறை. கட்டி முடித்த பின் கேட்பவருக்கு விடை பெரும்பாலும் செலவாகவே வந்து சேரும்.

இரண்டு எடைகள், இரண்டு கேள்விகள்

படகு இழுவைவண்டி பற்றிய குழப்பங்களில் பாதி, எடை என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறிப்பதால் விளைவதாகும். வெற்றெடை என்பது பாரம் ஏற்றப்படாத வண்டியின் எடை. மொத்த எடை என்பது வண்டியும் அதன்மேல் ஏறும் எல்லாப் பொருளும் சேர்ந்த எடை. இழுப்பதற்கு யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்விக்கு இலங்கையின் சாரதி அனுமதிப்பத்திர வகுப்புகள் வெற்றெடையைக் கொண்டு விடை சொல்கின்றன. தடுப்பு வேண்டுமா என்ற கேள்விக்கோ உலக நாடுகளின் விதிகள் மொத்த எடையைக் கொண்டு விடை சொல்கின்றன.

வகுப்புகளை எடுத்துக்கொண்டால், மொத்த எடை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத வாகனங்களுக்கான ‘பி’ வகுப்பு அனுமதிப்பத்திரம் உடையவர், வெற்றெடை 250 கிலோகிராமுக்கு மேற்படாத இழுவைவண்டியை இணைத்து ஓட்டலாம். 3,500 கிலோகிராமுக்கு மேல் 17,000 கிலோகிராம் வரையுள்ள பாரவூர்திகளுக்கான ‘சி1’ வகுப்பில் இந்த எல்லை 750 கிலோகிராமாக உயர்கிறது. அதற்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு ‘சிஈ’ வகுப்பு வேண்டும். பேச்சில் லான்ட்மாஸ்டர் எனப்படும் இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு ‘ஜி1’ வகுப்பும், நாற்சில்லு உழவு இயந்திரத்துக்கு ‘ஜி’ வகுப்பும் உள்ளன. பின்னையது விவசாயத்துக்கான தரைவாகனம் என்ற பெயரிலேயே அமைந்திருப்பதால், படகு இழுக்க அதனை வீதிக்குக் கொண்டுவருவோர், தம் பதிவும் காப்புறுதியும் அந்தப் பயன்பாட்டைத் தழுவுகின்றனவா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டியின் வெற்றெடை 240 கிலோகிராம். படகின் ஓடு 320. நாற்பது குதிரைவலுவுள்ள இரு வீச்சு இயந்திரம் சுமார் 70. ஐம்பது லீற்றர் பெற்றோல் சுமார் 37. மொத்தம் 667 கிலோகிராம். இதனோடு வலை, கயிறு, நங்கூரம், பனிக்கட்டிப் பெட்டி ஆகியவற்றுக்கு 90 கிலோகிராம் சேர்த்தால் 757 ஆகிறது. வண்டியின் வெற்றெடை 250க்கு உட்பட்டிருப்பதால் ‘பி’ வகுப்புச் சாரதிக்கு அதனை இழுக்கும் உரிமை உண்டு. அதே வேளையில், கீழே விளக்கப்படும் 750 கிலோகிராம் எல்லையை அது தாண்டிவிட்டதால் அவ்வண்டிக்குத் தடுப்பு வேண்டும். அனுமதிப்பத்திரம் சரியாக இருப்பது வண்டி சரியாக இருப்பதற்குச் சான்றாகாது. மேலும், வலை நனைந்திருந்தால் எடை ஏறும். மழைநீர் நூறு லீற்றர் படகின் அடியில் தங்கியிருந்தால் மேலும் நூறு கிலோகிராம் ஏறும். படகின் அடித்துளை அடைப்பைத் திறந்து நீரை வடித்துவிட்டே வீதிக்கு ஏற்றவேண்டும் என்று முதிய தொழிலாளர் வற்புறுத்துவது வெறும் பழக்கம் பற்றியதன்று.

எழுநூற்றைம்பது கிலோகிராம் என்னும் எல்லை

இழுவைவண்டித் தடுப்பு பற்றிய சட்டங்களில் 750 கிலோகிராம் என்ற எண் நாட்டுக்கு நாடு திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பழைய, தெளிவான வடிவம் 1949 செப்டெம்பர் 19இல் ஜெனீவாவில் கைச்சாத்தான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் உள்ளது. இலங்கையும் இந்தியாவும் அதன் தரப்பினராவர். ஒரு நாட்டில் பதிவாகி இன்னொரு நாட்டின் வீதியில் ஓடும் வாகனங்களுக்கென எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கை, தீவொன்றின் உள்ளூர் வண்டியை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. எனினும், ஒரு வண்டி பாதுகாப்பானது என்று நாடுகள் ஒருமித்து ஏற்ற குறைந்தபட்ச அளவுகோல் அதில் கிடைக்கிறது என்பதால், உள்ளூர் வண்டியை மதிப்பிடுவதற்கும் அது தக்கதாகும்.

அவ்வுடன்படிக்கையின் ஆறாம் இணைப்பின்படி, அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 750 கிலோகிராமைத் தாண்டும் ஒவ்வோர் இழுவைவண்டிக்கும் தடுப்பு இருக்கவேண்டும். அது ஒவ்வொரு பக்கத்திலும் சில்லுகளில் பாதிக்கேனும் வேலை செய்யவேண்டும். 750 கிலோகிராமுக்கு உட்பட்ட வண்டியானாலும், அதன் எடை இழுக்கும் வாகனத்தின் வெற்றெடையில் பாதியைத் தாண்டினால் அதற்கும் தடுப்பு வேண்டும். இந்த இரண்டாவது விதியே இங்கு அதிகம் மறக்கப்படுவதும் அதிகம் தேவைப்படுவதுமாகும். ஏனெனில் இம்மாவட்டத்தில் படகை இழுப்பவை எப்போதும் கனமான டபுள் கெப் வாகனங்களாக இருப்பதில்லை. 900 கிலோகிராம் எடையுள்ள சிறு கார் ஒன்றுக்கு அப்பாதி 450 கிலோகிராமே. மேலே கணக்கிட்ட படகு வலையின்றி 667 கிலோகிராமாக இருக்கும்போதும், அந்தக் காருக்குப் பின்னால் தடுப்பின்றிச் செல்லத் தகுதியற்றது. முச்சக்கரவண்டியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

உச்ச எடை 3,500 கிலோகிராம் வரையுள்ள வண்டியின் தடுப்பு, வண்டி முன்னோக்கித் தள்ளுவதாலேயே இயங்கும் உந்துதடுப்பாக இருக்கலாம். அதற்கு மேற்பட்டதாயின், இழுக்கும் வாகனத்தின் கால்தடுப்பை மிதிக்கும்போது வண்டியின் தடுப்பும் சேர்ந்து இயங்கவேண்டும். கழற்றி நிறுத்திய நிலையில் சில்லுகள் உருளாதபடி பிடிக்கவும், ஓடும்போது இணைப்பு விட்டுப்போனால் வண்டியைத் தானாக நிறுத்தவும் தடுப்பு வல்லதாக இருக்கவேண்டும் என்பனவும் அவ்விணைப்பிலேயே உள்ளன.

ஐக்கிய நாடுகளின் 13ஆம் இலக்கத் தடுப்பு ஒழுங்குவிதி இதே எல்லைகளை வகைகளாக்கியிருக்கிறது: ஓ1 என்பது 750 கிலோகிராம் வரை, ஓ2 அதற்கு மேல் 3.5 தொன் வரை, ஓ3 அதற்கு மேல் 10 தொன் வரை, ஓ4 அதற்கும் மேல். இந்தியாவின் டி1 முதல் டி4 வரையான இழுவைவண்டி வகைகளும் இவ்வெல்லைகளிலேயே பிரிகின்றன. அவுஸ்திரேலியாவில் 750 கிலோகிராமுக்கு மேல் ஓர் அச்சிலேனும், 2,000 கிலோகிராமுக்கு மேல் எல்லாச் சில்லுகளிலும் தடுப்பு வேண்டும். பின்னைய வகையில் உந்துதடுப்பு ஏற்கப்படுவதில்லை, இணைப்பு விட்டுப்போனால் தடுப்பு தானாகப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்கவேண்டும். அமெரிக்காவில் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 3,000 இறாத்தல், அதாவது சுமார் 1,360 கிலோகிராம், பல மாநிலங்களில் வழங்கும் அளவாகும். புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் அங்கிருந்து எடுத்துரைக்கும் விதியை இங்கே பொருத்துவதற்கு முன், எந்த நாட்டின் எந்த எடையைப் பற்றியது என்று கேட்பது நல்லது.

இந்த எல்லையின் பின்னுள்ள காரணத்தை எளிய கணக்கொன்று காட்டும். 1,800 கிலோகிராம் வாகனம் ஒன்று மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில், தடுப்பை மிதித்த இடத்திலிருந்து சுமார் 19 மீற்றரில் நிற்கக்கூடியதாயின், தடுப்பற்ற 1,200 கிலோகிராம் படகுவண்டியை இணைத்ததும், அதே தடுப்பு வலுவுக்கு அது நிற்க 32 மீற்றர் வேண்டும். மேலதிகமான 13 மீற்றர், நிலாவெளிச் சந்தியில் வீதியின் முழு அகலத்தையும் தாண்டிய தூரமாகும். இது நேரான வீதியில் உலர்ந்த தாரில் உள்ள கணக்கு. வளைவிலோ மணல் படிந்த தாரிலோ, பின்னாலிருந்து தள்ளும் பாரம் இழுக்கும் வாகனத்தின் பின்பக்கத்தை ஒருபுறமாக ஒதுக்கி, இரண்டும் கத்திரிக்கோல்போல் மடங்கும் நிலை உண்டாகும். அப்போது சாரதியால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

தடுப்பின் வகைகள்

உந்துதடுப்பே படகுவண்டிக்கு மிகப் பொருத்தமானது. இழுக்கும் வாகனம் வேகத்தைக் குறைக்கும்போது, பின்னால் வரும் வண்டி முன்னோக்கித் தள்ளுகிறது. இழுதண்டின் தலைப்பகுதி உள்நோக்கி வழுக்கும்படி செய்யப்பட்டிருப்பதால், அந்தத் தள்ளுதல் ஒரு நெம்புகோல் வழியாகக் கம்பியையோ எண்ணெய் அழுத்தத்தையோ இயக்கிச் சில்லின் தடுப்பைப் பிடிக்கச் செய்கிறது. மின்கம்பி வேண்டியதில்லை, இழுக்கும் வாகனத்தில் மாற்றம் எதுவும் வேண்டியதில்லை, படகு எவ்வளவு கனமோ அவ்வளவு பலமாகத் தடுப்பும் பிடிக்கிறது. அதன் குறை பின்னோக்கிச் செல்லும்போது வெளிப்படுகிறது: இளமணலில் வண்டியைப் பின்னே தள்ளும்போதும் தலைப்பகுதி உள்வழுக்குவதால், தடுப்பு தேவையற்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும். இதற்காக, பின்செல்லும்போது தானாக விடுபடும் அமைப்பு நவீன அச்சுகளில் உள்ளது. பிரித்தானியாவில் 1989 ஏப்ரல் முதல் செய்யப்பட்ட உந்துதடுப்பு வண்டிகளுக்கு இது கட்டாயமாகும். பழைய வண்டிகளில் கையால் மாட்டும் கொளுக்கி இருக்கும். சிலர் கடற்கரையில் அதனை மாட்டிவிட்டு, கழற்ற மறந்து வீதிக்கு ஏறுகின்றனர். அவ்வளவில், முழுச் சட்டத் தகுதியுள்ள வண்டி ஒரு கொளுக்கியால் தடுப்பற்ற வண்டியாகிவிடுகிறது. முன்னே நகர்ந்ததும் தானாக விழும் கொளுக்கியை மட்டுமே பொருத்தவேண்டும்.

மின்தடுப்பு, காற்றுத்தடுப்பு ஆகியவை பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. முன்னையது உப்புநீரில் நீடிப்பதில்லை. பின்னையது பலநாள் கலங்களைச் சுமக்கும் கனரக வண்டிகளுக்குரியது.

உழவு இயந்திரம் தனியே பேசத்தக்கது. இம்மாவட்டத்தில் கரையிலிருந்து படகை எடுப்பது பெரும்பாலும் அதுவே. நாற்சில்லு உழவு இயந்திரத்தில் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் தனித்தனித் தடுப்பு மிதிகள் இருக்கின்றன. வயலில் சடுதியாகத் திரும்புவதற்காக அவ்வாறு அமைக்கப்பட்டவை. வீதிக்கு ஏறும்போது இரண்டையும் இணைக்கும் தாழ்ப்பாளைப் போடாமல், பின்னால் ஒரு தொன் படகோடு ஒரு மிதியை மட்டும் மிதித்தால், இயந்திரம் பக்கவாட்டில் சுழன்று கவிழும். இதற்கு மாறாக, இரு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில், சாரதியின் காலடியிலேயே ஒரு மிதி பொருத்தப்பட்டு, அது பெட்டியின் சில்லுகளை நேரே பிடிக்கிறது. முன்னே இருக்கும் இயந்திரம் இழுக்க, பின்னே இருக்கும் பெட்டி நிறுத்துகிறது. பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே தடுப்பும் இருக்கவேண்டும் என்ற விதியை, மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் இந்த வண்டி சரியாகக் கடைப்பிடிக்கிறது. பெரிய உழவு இயந்திரத்தின் பெட்டிகளோ பல இடங்களில் அதனைக் கைவிட்டிருக்கின்றன. மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பொதுவான இழுவைவண்டி செய்விக்க எண்ணினால், இந்தச் சிறு பெட்டியின் அமைப்பை முதலில் பார்ப்பது நன்று.

இணைப்பு விட்டுப்போனால்

பந்து இணைப்புப் பூட்டு உப்பால் இறுகி முழுமையாக மூடாமலிருப்பதும், குழியில் விழும்போது அது எகிறி விடுபடுவதும் கரையோரத்தில் அரிதன்று. அவ்வேளையில் வண்டியை நிறுத்தக்கூடியது ஒரு மெல்லிய உருக்குக் கம்பியே. அறுபடு கம்பி எனப்படும் இது, ஒரு முனையில் வண்டியின் கைத்தடுப்போடும் மறுமுனையில் இழுக்கும் வாகனத்தோடும் மாட்டப்படுகிறது. வண்டி பிரிந்து போகும்போது கம்பி இழுபட்டுக் கைத்தடுப்பை ஏற்றிவிட்டுத் தான் அறுந்துபோகும். 1,500 கிலோகிராம் வரையுள்ள வண்டிகளுக்கு, இதற்குப் பதிலாகப் பாதுகாப்புச் சங்கிலியை ஐ.நா. ஒழுங்குவிதி ஏற்கிறது, சங்கிலி இழுதண்டு தரையில் குத்தாத அளவுக்குக் குறுகியதாகவும், வளைவில் இறுகாத அளவுக்கு நீண்டதாகவும் இருக்கவேண்டும். அறுபடு கம்பியைப் பந்தின் கழுத்தில் சும்மா சுற்றிவிடுவது பயனற்றது; பந்தோடு சேர்ந்து அதுவும் நழுவிவிடும். வாகனத்தின் சட்டத்தில் தனி வளையம் ஒன்றிலேயே அதனை மாட்டவேண்டும். வலைக்கயிற்றால் கட்டுவது இரண்டுக்கும் மாற்றாகாது.

கழற்றி நிறுத்திய வண்டியைப் பொறுத்தவரை, 18 சதவீதச் சரிவில், அதாவது நூறு மீற்றர் செல்வதற்குள் பதினெட்டு மீற்றர் ஏறும் சரிவில், முழுப் பாரத்தோடு அதனைப் பிடித்து நிறுத்தும் வலு கைத்தடுப்புக்கு வேண்டும் என்பது அவ்வொழுங்குவிதியின் அளவாகும். உவர்மலைப் பக்கத்துச் சரிவுகளில் வண்டியைக் கழற்றி விடுவோருக்கு இது ஏட்டு அளவாகத் தோன்றாது.

உப்பு

இதுவரை கூறிய எல்லாம் வண்டி புதிதாக இருக்கும் நாளுக்குரியவை. தடுப்பு பொருத்தப்பட்டிருக்கவேண்டும் என்பதோடு அது வேலை செய்யும் நிலையில் இருக்கவேண்டும் என்பதும் சட்டத்தின் எதிர்பார்ப்பாகையால், படகுவண்டி உரிமையாளரின் உண்மையான கடமை கடையில் பணம் செலுத்துவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு முறை வண்டி நீரிலிருந்து ஏறும்போதும் அது புதிதாகத் தொடங்குகிறது.

நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியின் சில்லுக் குடமும் டிரம்மும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு கடலுக்குள் இறக்கினால், குடத்துக்குள் இருக்கும் காற்று சடுதியாகக் குளிர்ந்து சுருங்க, உப்புநீர் சீலைத் தாண்டி உள்ளே உறிஞ்சப்படுகிறது. பெயாரிங்கின் கிறீஸ் வெண்மையாகி, சில வாரங்களில் பெயாரிங் துருப்பிடிக்கிறது. ஆகவே கரைக்கு வந்ததும் அரைமணி நேரமேனும் ஆறவிட்டே இறக்கவேண்டும். ஏறிய பின்னர் நன்னீரால் டிரம்மின் உட்பக்கம் வரை கழுவவேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரையான வறட்சியில் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்படைகின்றன. உவர்நீரால் கழுவுவது கழுவாமைக்கு ஒப்பாகும் என்பதால், அம்மாதங்களில் உள்நாட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கான் நீரேனும் வண்டியோடு கொண்டுசெல்வது செலவில்லாத காப்புறுதியாகும்.

நனைந்த டிரம் சரிவரப் பிடிக்காது. மணலிலிருந்து வீதிக்கு ஏறியதும், முதல் இருநூறு மீற்றரை மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை இலேசாகத் தடுப்பை மிதித்தால், பிறேக் சூவும் டிரம்மும் உரசும் சூட்டில் ஈரம் உலரும். எண்ணெய்த் தடுப்பானால், தடுப்பெண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை இறங்குவதால், ஆண்டுதோறும் மாற்றவேண்டும்.

வாடைக் காலத்தில் மூன்று நான்கு மாதம் வண்டியை ஓரத்தில் விடும்போது, கைத்தடுப்பை ஏற்றியபடி விடுவது தவறு. உப்பேறிய பிறேக் சூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பங்குனியில் இழுக்கும்போது சில்லு சுழலாது, அல்லது சூவின் மேற்பூச்சு பிய்ந்து டிரம்மிலேயே தங்கிவிடும். வளவுக்குள் விடும்போது சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைத்தடுப்பைத் தளர்த்திவிடவேண்டும். பொது வீதியோரத்தில் விடும்போது மட்டும் இரண்டும் சேர்ந்து வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் சிறந்த வழி, வண்டியைக் கடலுக்குள் இறக்காமலே விடுவதாகும். படகை உருளைக் கட்டைகளின்மேல் ஆட்கள் சேர்ந்து தள்ளி, நனையாத மேட்டுமணலில் நிற்கும் வண்டியில் ஏற்றும் பழைய முறை இக்கரையில் இன்னும் மறையவில்லை. பதினெட்டடிப் படகுக்கு அது கடினமானதுமன்று. இயந்திரத்தால் இறக்குவதே முன்னேற்றம் என்று கருதி இம்முறையைக் கைவிடுவோர், தடுப்புக்கும் பெயாரிங்குக்கும் ஆண்டுதோறும் அதற்கான விலையைக் கொடுக்கின்றனர்.

விபத்துக்குப் பின்

பாரதூரமான விபத்து ஒன்றின் பின்னர் பொலிஸார் வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காட்டி அறிக்கை பெறுவது வழமை. அவ்வறிக்கையில் தடுப்பின் நிலை முதலிடம் பெறும், அது நீதவான் நீதிமன்றத்தில் சான்றாகும். இழுவைவண்டியும் மோட்டார் வாகனமாகையால் அதன் தடுப்பும் பரிசோதிக்கப்படும். உயிரிழப்பு நேர்ந்திருந்தால், கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு எழுகிறது. தடுப்பு இல்லாத வண்டியில் ஒரு தொன் பாரத்தை இழுத்தமை கவனயீனமா என்ற கேள்விக்கு, சாரதியின் அனுபவமோ வேகக் குறைவோ எளிதில் விடையாகிவிடாது. எனவே அச்சு வாங்கிய பற்றுச்சீட்டு, எடை பார்த்த சீட்டு, பிறேக் சூ மாற்றிய திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது, படகின் பதிவுப் புத்தகத்தைப் பேணுவது போன்றே அவசியமானது.

பருவம் தொடங்கும் நாளில் வெளியிணைப்பு இயந்திரத்தைத் தொட்டியில் ஓட்டிப் பார்க்காமல் எவரும் படகைக் கடலில் விடுவதில்லை. அதே நாளில், படகை ஏற்றுவதற்கு முன், இழுவைவண்டியின் ஒவ்வொரு சில்லையும் ஜக்கால் உயர்த்தி, கையால் சுழற்றி, கைத்தடுப்பை இழுத்து, அது நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். நிற்காத சில்லோடு வண்டியை வீதிக்கு எடுக்கக்கூடாது.